ஒத்தாசைக்கும் ஒத்துழைப்புக்கும் நடுவில் ஒரு கணக்குப் புத்தகம்

கேள்வி சுருக்கமாக இதுதான். காரைக்குடிப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், தங்கள் ஊர்ப் பொதுக் குளமான ஊருணியைத் தூர்வார வெளியூரில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு அழைப்பு எழுதியிருக்கிறார். "அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்று அதை முடித்திருக்கிறார். அவருடைய பெரியப்பா படித்துவிட்டு, "இது கரண்டு ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குப்பா, ஊர்க்காரன் எழுதின மாதிரி இல்லை" என்று சொல்லிவிட்டாராம். ஒத்துழைப்பு, ஒத்தாசை, கூட்டு முயற்சி, கூட்டுறவு எல்லாம் ஒரே பொருள்தானே, எதைப் போட்டால் என்ன என்று கேட்கிறார்.

பெரியப்பா சொன்னது சரி. ஏன் சரி என்று சொல்லக் கொஞ்சம் சுற்றி வரவேண்டும்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன். என் அப்பா ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அதனால் எதைப் பார்த்தாலும் எனக்குப் பற்று, வரவு என்றுதான் கண்ணில் படும். அந்தக் கோணல் பார்வையோடுதான் எழுதுகிறேன். ஆனால் இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்க்க அந்தப் பார்வை நன்றாகவே உதவுகிறது. நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலைக்கு நம்மிடம் ஏகப்பட்ட சொற்கள் உண்டு. வேலை யாருடையது, கணக்கு யார் கையில் இருக்கிறது என்ற இரண்டு கேள்வியைக் கேட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்.

முதலில் ஒத்துழைப்பு. ஒத்து, உழைப்பு என்று பிரியும். ஒத்து என்றால் ஒன்றுபோல, இசைவாக. அதன் முழு அர்த்தம் தெரிய வேண்டுமானால் சாமி தூக்குகிறவர்களைப் பார்க்க வேண்டும். சப்பரத்தின் முன் தண்டில் நிற்கிற இரண்டு பேரும் உயரத்தில் ஒத்து இருக்க வேண்டும். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை என்றால் நெட்டையர் தோளில் பாரம் முழுவதும் இறங்கிவிடும். குட்டையர் தண்டைத் தொட்டபடி நடந்து வருவார், பார்க்கிறவர்களுக்கு அவரும் தூக்குவதுபோல இருக்கும். அதனால்தான் குட்டையானவர் துண்டைச் சுருட்டித் தோளில் வைத்து உயரத்தைச் சரிக்கட்டுவார். தோள் கொடுப்பது என்கிற பேச்சும் இங்கிருந்துதான் வருகிறது, பாடை தூக்குகிற இடத்திலிருந்தும்.

இவ்வளவு நல்ல சொல் நடைமுறையில் வேறு வேலைக்குப் போய்விட்டது. 1920இல் காந்தி தொடங்கிய இயக்கத்தை ஒத்துழையாமை இயக்கம் என்று தமிழில் சொன்னோம். அதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஆட்சி நடத்துகிறவன் ஒருவன், அவனுக்கு ஒத்துழைக்காமல் விலகுகிறவர்கள் மற்றவர்கள். அதாவது வேலை மேலே இருப்பவனுடையது. இன்றைக்கும் இந்தச் சொல் அந்தச் சாய்மானத்தில்தான் நிற்கிறது. "சாலைப் பணி நடைபெறுகிறது, ஒத்துழைப்பு தரவும்" என்றால் யாரும் மண்வெட்டியோடு போய் நிற்பதில்லை. குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்பதுதான் அதன் பொருள். பல் மருத்துவர் கேட்கிற ஒத்துழைப்பு வாயைத் திறந்து வைத்திருப்பது. "வயசாச்சு, உடம்பு ஒத்துழைக்க மாட்டேங்குது" என்று சொல்லும்போதுகூட மனசு முதலாளி, உடம்பு வேலைக்காரன். ஊருணி ஊராருடையது. அங்கே ஊராரிடமே ஒத்துழைப்பு கேட்டால், அப்படியானால் ஊருணி யாருடையது என்று பெரியப்பாவுக்குச் சுருக்கென்றிருக்கும். கரண்டு ஆபீஸ் என்று அவர் சொன்னது இதைத்தான்.

ஒத்தாசை வேறு. இதிலும் வேலை ஒருவருடையதுதான். ஆனால் கேட்கிற குரல் தாழ்ந்து வரும். "கல்யாண வேலை தலைக்கு மேலே கிடக்கு, கூடமாட ஒத்தாசையா ரெண்டு நாளைக்கு முன்னாடியே வந்துடுங்க ஆச்சி" என்று கேட்பார்கள். கூடமாட என்பது இந்த ஒத்தாசையின் நிழல் போல ஒட்டிக்கொண்டே வரும் சொல். அதற்கென்று தனியாக ஒரு வேலை கிடையாது. தேங்காய் துருவுவதும் அதில் சேரும், அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வதும் சேரும்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பலகாரம் சுடுகிற நாட்களைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இரண்டாங்கட்டில் அடுப்பு மூட்டி, மாவு பிசைகிறவர் ஒருவர், தேன்குழல் பிழிகிறவர் ஒருவர், சீப்புச்சீடை சுருட்டுகிறவர் நாலு பேர், எண்ணெய்ச் சட்டி முன்னால் அனுபவப்பட்ட ஒரு ஆச்சி. யாருக்கும் யாரும் வேலை பிரித்துக் கொடுப்பதில்லை. உட்கார்ந்த இடத்தில் கைக்கு எது வருகிறதோ அது அவர் வேலை. சம்பளத்துக்கு வந்த சமையல்காரர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள், அவர்களை ஒத்தாசைக்கு வந்தவர்கள் என்று தவறிக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். காசு கைமாறினால் ஒத்தாசை கூலியாகிவிடும். அதே மாதிரி, ஒத்தாசைக்கு வந்தவருக்குக் காசு கொடுத்தால் அவமானம். பலகாரப் பொட்டலம் கொடுக்கலாம். பொட்டலத்துக்குக் கணக்கில்லை.

கணக்கில்லை என்றா சொன்னேன்? வாய்விட்டுச் சொல்கிற கணக்கில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டு ஆச்சி அடுத்த வருஷம் இவர்கள் வீட்டு விசேஷத்துக்கு வரவில்லை என்றால் அது பத்து வருஷத்துக்குப் பேசப்படும்.

அந்தக் கணக்கை மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் வெளியே எடுத்து வைத்தால் அதற்கு மாத்தாள் என்று பேர். மாற்று ஆள்தான் பேச்சில் மாத்தாள் ஆனது. இன்றைக்கு உன் வயலில் நான் நடவுக்கு வந்தால், நாளை மறுநாள் என் வயலுக்கு உன் வீட்டிலிருந்து ஒருவர் வரவேண்டும். ஒரு நாளுக்கு ஒரு நாள், ஓர் ஆளுக்கு ஓர் ஆள். எழுதி வைப்பதில்லை, மறப்பதும் இல்லை. கைமாற்று என்பதும் இதே குடும்பம். ஆளுக்குப் பதில் பணம் கைமாறுகிறது, வட்டி கிடையாது, சீக்கிரம் திரும்ப வரவேண்டும். கைமாற்றாக வாங்கியதை மூன்று மாதம் வைத்திருந்தால் அது கைமாற்று இல்லை, கடன். சொல்லுக்குள்ளேயே கெடு இருக்கிறது.

மொய் இன்னும் ஒரு படி மேலே. ஈ மொய்க்கிறது என்கிறோமே, அதே சொல். கூட்டமாக வந்து சூழ்வது. விசேஷ வீட்டில் எல்லாரும் சூழ்ந்து கொடுப்பதால் மொய். ஆனால் இதற்கு நோட்டுப் புத்தகம் உண்டு. எங்களுக்குக் கிழக்கே பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதத்தில் மொய்விருந்து வைப்பதை எல்லாரும் அறிவார்கள். கறிச்சோறு போட்டு, மேசை போட்டு, பேர் வாசித்து, எழுதி வாங்கி, அந்தப் பணத்தில் போர் போடுவார்கள், வீடு கட்டுவார்கள். நான் பார்த்த எந்தச் சங்கத்துப் பேரேட்டையும்விட அந்த மொய் நோட்டு சுத்தமாக இருக்கும். திருப்பிச் செய்யத் தவறினால் வழக்குப் போட முடியாது, ஆனால் தெருவில் நடக்க முடியாது.

இனி கூடு என்ற வேர். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். கூடம், கூட்டம், கூட்டல், கூட்டணி, கூட்டாளி, கூட்டாஞ்சோறு எல்லாம் இதிலிருந்துதான். சாப்பாட்டில் வருகிற கூட்டும் இதேதான், பருப்பும் காயும் சேர்ந்து ஒன்றாகவும் இருக்கும், காய் காயாகவும் தெரியும். குழைந்து அடையாளமே போய்விட்டால் அது மசியல், அதற்கு வேறு பேர் வைத்துவிட்டோம். மூன்று கல்லை வைத்து அடுப்புக் கூட்டுவது, வாசல் கூட்டுவது, இரண்டிலும் சிதறிக் கிடப்பதை ஓர் இடத்துக்குக் கொண்டுவருகிற செயல் இருக்கிறது. காரியம் முடிந்தால் "கைகூடியது" என்கிறோம். சம்பந்தம் அமைந்தால் "கூடி வந்தது" என்கிறோம். செய்யாதே என்று தடுப்பதற்கு "கூடாது". அதாவது சேராது, பொருந்தாது. இப்படி, நடப்பது நடக்காதது இரண்டையுமே சேர்வது சேராதது என்பதை வைத்துப் பேசிப் பழகியிருக்கிறோம்.

"சேர்ந்து", "கூடி", "இணைந்து" மூன்றும் ஒன்றுதானே என்று கேட்கலாம். "சேர்ந்து போகலாம்" என்றால் இரண்டு பேர் போதும். "கூடி" என்றால் எனக்குக் குறைந்தது நாலைந்து பேராவது கண்ணுக்குத் தெரிகிறார்கள். "இணைந்து" எழுத்தில் மட்டும் வரும். பஸ்ஸில் போகிற இருவர் இணைந்து பயணம் செய்தார்கள் என்று எழுதினால் இரண்டு பேரையும் கயிற்றால் கட்டிவிட்டது மாதிரி இருக்கும். "கைகோர்த்து" என்று செய்தித்தாளில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும். கோத்து என்பதுதான் சரி. கட்சிகள் கைகோக்கின்றன, மக்கள் எங்கே கைகோக்கிறார்கள்?

இந்தக் கூட்டு என்ற சொல் செட்டிநாட்டில் வீட்டுக்குள் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பெரிய செட்டியார் வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தளத்தையும் அண்ணாந்தும் குனிந்தும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றிலும் வரிசையாக அறைகள் இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்பவர்கள் குறைவு. கல்யாணம் ஆன ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலத்தில் மகனையும் மருமகளையும் "வேறு வைத்துவிடுவார்கள்". தனி அடுப்பு, தனிச் சாமான், தனிச் செலவு. கூரை ஒன்று, முகப்பு ஒன்று, நல்லது கெட்டது ஒன்று, உலை மட்டும் வேறு. வெளியூரிலிருந்து வந்தவர்களிடம் இதைச் சொன்னால், "ஐயோ, ஒரே வீட்டுக்குள் பிரிச்சு விட்டுட்டாங்களா" என்று வருத்தப்படுவார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "பிரிச்சு வெச்சதாலதான்டா எல்லாரும் இன்னும் ஒரே வீட்டில இருக்காங்க" என்றார். உப்பு, புளி விஷயத்தில் கணக்குத் தனியாக இருந்தால், பெரிய விஷயத்தில் சேர்ந்து நிற்கலாம் என்பது அவர்கள் கண்டுபிடித்த வழி.

நகரத்தார் என்கிற இந்தச் செட்டியார்களின் கோயில் முறையிலும் இதே ஏற்பாடுதான். ஒன்பது நகரக் கோயில்கள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள். கல்யாணம் ஆன தம்பதி ஒரு புள்ளி, கோயில் வரி புள்ளிக் கணக்கில் வரும். புள்ளி என்பதை யோசித்துப் பாருங்கள், ஏட்டில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டு வைத்துவிட்டால் பணக்காரனும் ஒரு புள்ளி, கையைக் கடித்துக்கொண்டு வாழ்கிறவனும் ஒரு புள்ளி. நாட்டரசன்கோட்டையில் தைப் பொங்கலுக்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமை நடக்கிற செவ்வாய்ப் பொங்கலில், முதல் பானை யார் வைப்பது என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். புள்ளிக்கு ஒரு பானை, முதலிடம் சீட்டில் வந்தவருக்கு. பெரும்புள்ளி என்று பொதுப் பேச்சில் ஒரு சொல் இருக்கிறது. புள்ளியில் பெரிது சிறிது ஏது?

பங்காளி என்ற சொல் மட்டும் தமிழ்நாடு முழுவதும் இரட்டை முகத்தோடு அலைகிறது. தந்தை வழி உறவு, பங்கு உள்ளவன் என்பதால் பங்காளி. பங்கு இருக்கிற இடத்தில் சண்டையும் இருக்கும் என்பதால் பங்காளிச் சண்டை. கடையில் பங்கு இருந்தால் அவரைப் பங்காளி என்று சொல்ல மாட்டார்கள், பங்குதாரர் அல்லது கூட்டாளி என்பார்கள். இப்போது கல்லூரிப் பையன்கள் யாரைப் பார்த்தாலும் "வாடா பங்காளி" என்கிறார்கள். சொத்து ஒன்றும் இல்லாத வயதில் அந்தச் சொல் நன்றாகத்தான் இருக்கிறது.

சரி, கூட்டாளிக்கு வருகிறேன். இங்கே என் சொந்தக் கதை ஒன்று உண்டு. எனக்கு இருபத்தாறு வயதில் நானும் இரண்டு சேக்காளிகளும் கூட்டாகப் பாத்திர வாடகைக் கடை ஒன்று போட்டோம். அண்டா, தாம்பாளம், ஜமுக்காளம், பெஞ்சு. நான் பகலில் சங்கத்துக்குப் போய்விடுவேன், ஒருவன் கடையில் உட்காருவான், இன்னொருவன் வண்டியில் சாமான் ஏற்றி இறக்குவான். யார் எவ்வளவு போட்டோம், யாருக்கு எவ்வளவு என்று எதையும் எழுதவில்லை. ஊரான் கணக்கையெல்லாம் எழுதுகிற நான் இதை எழுதவில்லை. எழுதக் கேட்டால் நம்பிக்கை இல்லாத மாதிரி ஆகிவிடுமே என்று கூச்சம். இரண்டாவது முகூர்த்த மாதத்திலேயே முணுமுணுப்பு வந்துவிட்டது. ஏற்றி இறக்குகிறவன் தன் உழைப்பு அதிகம் என்றான், கடையில் இருந்தவன் தன் நேரம் அதிகம் என்றான், நான் என் பணம் அதிகம் என்றேன். மூன்றுமே உண்மை. கடைசியில் அண்டாக்களை மூன்றாகப் பிரித்தோம். என் பங்குக்கு வந்த இரண்டு அண்டா இன்னும் மாடியில் கிடக்கிறது.

பிறகு யோசித்தபோது எங்கே தவறு என்று தெரிந்தது. நாங்கள் ஒத்தாசைக்கான சொற்களை வைத்துக்கொண்டு கூட்டு நடத்தியிருக்கிறோம். "நமக்குள்ள என்னடா கணக்கு" என்பது ஒத்தாசைப் பேச்சு. கூட்டு என்று சொல்லிவிட்டால் கணக்கு அதன் முதுகெலும்பு.

கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன செட்டியார்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. பர்மா, மலேயா, இலங்கைக் கடைகளில் முதலாளி ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்துகிற மேலாள், அவருக்குக் கீழே அடுத்தாள், கடைசியில் பெட்டியடிப் பையன். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு, அது முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவது. இதில் அடுத்தாள் என்ற சொல்லை நான் ரசிப்பேன். உதவியாளர் என்றால் உதவி செய்துகொண்டே இருக்க வேண்டியவர். அடுத்தாள் என்றால் அடுத்து வரப்போகிற ஆள். பக்கத்தில் இருப்பவர் என்றும் பொருள், அடுத்த முறை இவர்தான் என்றும் பொருள். இன்றைய அலுவலகங்களில் இத்தனை விதமான பதவிப் பேர் வைக்கிறார்கள், இதற்கு ஈடாக ஒன்றும் எனக்குத் தென்படவில்லை.

கட்டட வேலையிலும் இப்படி ஒரு வரிசை உண்டு: கொத்தனார், நிமிந்தாள், சித்தாள். தளம் போடுகிற அன்றைக்குப் பாருங்கள். கலவைப் பாண்டு கீழிருந்து மேலே கைமாறிப் போகும்போது, ஒரு கை தாமதித்தால் வரிசையே நின்றுவிடும். அங்கே யாரும் கூட்டு முயற்சி என்று சொல்வதில்லை. "ம், விடு விடு, நிக்காத" என்பதுதான் கேட்கும். கூட்டு முயற்சி என்ற சொல் வேலை நடக்கும்போது வராது. எல்லாம் முடிந்து, மைக் பிடித்து, சால்வை போடும்போது வரும்.

கூட்டுறவு என் சோற்றுக்கு வழிசெய்த சொல், அதனால் குறை சொல்ல மனம் வராது. கூட்டு என்ற கணக்கையும் உறவு என்ற கணக்கற்றதையும் ஒன்றாகத் தைத்த சொல் அது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருஷம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் கிராமக் கடன் சங்கமும், சென்னை திருவல்லிக்கேணியில் பண்டகசாலையும் தொடங்கின. ஆளுக்கு ஒரு ஓட்டு, பங்கு எத்தனை இருந்தாலும் ஓட்டு ஒன்றுதான் என்பது அதன் அடிப்படை. புள்ளிக் கணக்குக்குப் பழகிய ஊரில் இதை விளக்க எனக்குச் சிரமமே இருந்ததில்லை. ஆனால் வாயில் வழங்குகிற சொல் கூட்டுறவு இல்லை. "சொசைட்டியில நகை வெச்சிருக்கேன்", "பால் சொசைட்டி", "சொசைட்டிக் கடன் தள்ளுபடி". நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் ஒருவர்கூட என்னிடம் "கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்தேன்" என்று சொன்னதில்லை. போர்டில் ஒரு பேர், நாக்கில் ஒரு பேர். அதோடு, எங்கள் சங்கத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் அதைத் தங்களுடையது என்று நினைக்கவும் இல்லை. அரசாங்க ஆபீஸ் என்றே நினைத்தார்கள். அதற்கு நாங்கள் நடந்துகொண்ட விதமும் ஒரு காரணம்.

குழு என்ற சொல் இதற்கு நேர்மாறு. புத்தகச் சொல்லாக இருந்தது அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. 1989இல் தர்மபுரியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிப் பிறகு தமிழ்நாடு முழுவதும் பரவின. இன்றைக்கு "குழுவுக்குப் போயிட்டு வர்றேன்", "குழு லோன்" என்பது எந்தக் கிராமத்திலும் சாதாரணப் பேச்சு. பத்துப் பதினைந்து பெண்கள், வாரம் ஒரு கூட்டம், ஒரு நோட்டு. சங்கம், கழகம் எல்லாம் இவ்வளவு தூரம் வீட்டுக்குள் வரவில்லை. காரைக்குடியில் 1917இல் தொடங்கிய இந்து மதாபிமான சங்கமும் இருக்கிறது, 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகமும் இருக்கிறது, இரண்டும் பெருமைக்குரியவை. ஒரு வேடிக்கை: கழகம் என்றால் திருக்குறளில் சூதாடுகிற இடம். சூது அதிகாரத்தில் தேடினால் கிடைக்கும். சூதாட்டக் களம் அறிஞர் அவையாகி, அப்புறம் அரசியல் கட்சியாகவும் ஆகியிருக்கிறது. மேலே விளக்கம் சொல்லி நான் வம்பில் மாட்டிக்கொள்ள விரும்பவில்லை.

உங்கள் ஊருணிக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிற சொல் குடிமராமத்து. குடி நம் சொல், மராமத்து அரபியிலிருந்து உருது வழியாக வந்தது, பழுது பார்த்தல். கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்கிறவர்களே வரத்துக்காலைச் சுத்தம் செய்து, கரையைப் பலப்படுத்தி, மடையைச் சரிபார்ப்பது. சொல்வதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் 1858இல் வெள்ளைக்காரன் சென்னை மாகாணத்துக்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட வேண்டியிருந்தது, வழக்கப்படி செய்ய வேண்டிய வேலைக்கு ஆள் வரவில்லை என்றால் வசூலிக்கலாம் என்று. 2017இல் தமிழக அரசு இதே பேரில் திட்டம் கொண்டுவந்தது. இதற்கெல்லாம் முன்னாலேயே சோழர் கல்வெட்டுகளில் கூலியில்லாமல் செய்து தீரவேண்டிய வேலைக்கு வெட்டி என்று பேர் இருக்கிறது. இன்றைக்கு வெட்டி வேலை என்றால் உபயோகமில்லாத வேலை. கூலி இல்லாமல் வாங்கப்பட்ட உழைப்பைப் பற்றிச் செய்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்தப் பொருள் மாற்றத்திலேயே தெரிகிறது. ஆகவே பழைய காலத்தில் எல்லாரும் சந்தோஷமாகச் சேர்ந்து தூர்வாரினார்கள் என்று உங்கள் அழைப்பில் தயவுசெய்து எழுதாதீர்கள்.

"ஊர் கூடித் தேர் இழுப்போம்" என்று எழுதலாமா என்றும் உங்களுக்குத் தோன்றும், எல்லாருக்கும் தோன்றும். எழுதலாம். ஆனால் நம் பக்கத்தில் அதை எழுதுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கண்டதேவியை நினைத்துக்கொள்ளுங்கள். தேவகோட்டைக்குப் பக்கத்தில் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில். வடம் யார் பிடிப்பது, எல்லாச் சாதியாரும் பிடிக்கலாமா என்ற தகராறில் நீதிமன்றம் வரை போய், தேர் பல வருஷம் ஓடாமல் நின்று, 2024 ஜூனில்தான் போலீஸ் பாதுகாப்போடு மறுபடி ஓடியது. ஊர் என்ற சொல்லுக்குள் யார் யார் என்பது தீராமல் தேர் நகராது. உங்கள் ஊருணியில் முன்பு யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் இருந்திருக்கும். பெரியப்பா மாதிரி ஆட்களுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும். இப்போது தூர்வார வா என்று எல்லாத் தெருவையும் கூப்பிடுகிறீர்கள் என்றால் அது நல்ல விஷயம், அப்படியே எழுத்திலும் தெரிய வேண்டும்.

கெட்ட காரியத்துக்குச் சேர்வதற்கும் நம்மிடம் தாராளமாகச் சொல் இருக்கிறது. உடந்தை, கூட்டுச்சதி, கூட்டுக்களவாணி. "சேர்மானம் சரியில்லை" என்று பையனைத் திட்டுவது. இதில் ஒன்று மட்டும் எனக்கு வருத்தம். நாகசுரத்தின் கூடவே ஒத்து என்று ஒரு வாத்தியம் உண்டு, ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது இல்லாமல் கச்சேரி தள்ளாடும். ஆனால் "ஒத்து ஊதுறான்" என்றால் வசவு. பின்பாட்டுப் பாடுவது, ஜால்ரா போடுவது, தாளம் போடுவது எல்லாமே வசவு. மேடையில் கூட நின்று உழைக்கிறவர்களின் சொற்களையெல்லாம் எடுத்துக் காக்காய் பிடிப்பவனுக்குக் கொடுத்துவிட்டோம். ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதையும் தெரியும்தானே? இரவெல்லாம் பேச்சிலேயே மடம் எழும்பும், விடிந்தால் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். வாட்ஸப் குழுக்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த மடம்தான் நினைவுக்கு வருகிறது.

உங்கள் அழைப்புக்கு வருகிறேன். ஒத்துழைப்பை எடுத்துவிடுங்கள். ஒத்தாசையும் வேண்டாம், அது உங்கள் வீட்டு வேலைக்கு மற்றவர்களைக் கூப்பிடுவது போல ஆகும். கூட்டுறவு சட்டப்படி பதிவு செய்த அமைப்பை நினைவூட்டும். கூட்டு முயற்சியை முடிந்த பிறகு நன்றி சொல்லும்போது வைத்துக்கொள்ளலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நம் ஊருணி தூர்வாரும் வேலை வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறது. எல்லாத் தெருக்காரர்களும் கூடிச் செய்வதென்று முடிவாகியிருக்கிறது, வாருங்கள். மண்வெட்டி, கூடை இருப்பவர்கள் எடுத்து வரவும். வர இயலாதவர்கள் ஓர் ஆள் கூலியோ, ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவோ ஏற்றுக்கொள்ளலாம். வந்தவர்கள் பேரும், வரவு செலவும் வேலை முடிந்த மறுநாள் ஊருணிக் கரையில் எழுதி வைக்கப்படும்."

கீழே "இப்படிக்கு, ஊருணி மேம்பாட்டு ஒருங்கிணைப்புக் குழு" என்று போட வேண்டாம். "ஊரார்" போதும். வரவு செலவு எழுத ஆள் இல்லையென்றால் சொல்லுங்கள், நான் பஸ் ஏறி வருகிறேன். அந்த இரண்டு அண்டாவையும் கொண்டுவருகிறேன், சாப்பாட்டுக்கு ஆகும். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பெரியப்பாவிடம் இன்னொரு தடவை படித்துக் காட்டிவிடுங்கள்.